இரண்டு புள்ளிகள்

என் பெயர் பூங்காவனம்.
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
எடைமேடைச் சீட்டு எழுதுகிறேன்.
மரவள்ளி லோடு ஏறும், இறங்கும்.
மண் கழித்து, ஈரம் கழித்து
மிச்சத்துக்கு ஒரு கையெழுத்து.
சீசனில் நாளொன்றுக்கு இருநூறு.

யாரும் கவனித்ததில்லை, நானும்தான்:
என் பேனா முதலில் இரண்டு புள்ளி வைக்கும்,
வெறும் தாளில், அந்தரத்தில்.
பிறகுதான் எழுத்துகள் வரும்.
‘ங’வும் ‘ம’வும் தத்தம் புள்ளிக்கடியில்
மழைக்கு ஒதுங்கியதுபோல் நின்றுகொள்ளும்.

அம்மாப்பேட்டைக் குப்புராஜ்
மினி லாரி வாங்கியபோது
செவ்வாய்ப்பேட்டைக் கூட்டுறவு வங்கியில்
ஜாமீன்தாரர் என்ற கட்டத்துக்குள்
அந்த இரண்டு புள்ளிகளை வைத்தேன்.
தட்டுவடை செட் வாங்கித் தந்தான்,
காரம் தூக்கலாக.
பதினோரு தவணை கட்டினான்.
பன்னிரண்டாவதுக்கு ஓசூரில் இருந்தான்.
அதற்கப்புறம் ஓசூரிலும் இல்லை.

நோட்டீஸ் வருமுன்னே
கையெழுத்தை மாற்றிவிட்டேன்.
ஆங்கிலத்தில் ஒரு பி,
அதன் காலிலிருந்து தண்டவாளம்போல் ஒரு கோடு.
மகளின் பழைய நோட்டில்
மூன்று இரவு பழகினேன்.
வங்கியில் புது மாதிரி அட்டை தந்தார்கள்.
பான் கார்டுக்குத் தனி விண்ணப்பம்.
அரசிதழில் போட வேண்டுமா என்று கேட்டேன்.
“பேரை மாத்தினாத்தாங்க அது.
கோடு இழுக்கிறது உங்க இஷ்டம்.”
இஷ்டம் என்ற அந்தச் சொல்லை
வீடுவரைக்கும் சப்பிக்கொண்டே வந்தேன்.

வழக்கறிஞர் தெய்வயானை
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
“முந்தி போட்டது முந்தி போட்டதுதான்.
இன்னைக்கும் உங்களைக் கட்டும்.
கையெழுத்து மாறிடுச்சு, சரி.
கை மாறலையேம்மா.”
அது என் கையெழுத்தே இல்லை என்று சொன்னால்?
“அதுக்கு வேற வக்கீலைப் பாருங்க.”

பார்த்தேன்.

அஸ்தம்பட்டி கோர்ட்டில்
அது என்னுடையதல்ல என்று
என் வாயாலேயே சொன்னேன்.
சொன்ன பிறகு நாக்கில்
வேகாத மரவள்ளியின் கசப்பு.
நீதிபதி கோபிக்கவில்லை.
வெள்ளைத்தாள் கொடுக்கச் சொன்னார்.
“இருபது தடவை போடுங்க.”

பி, கோடு. பி, கோடு.
எட்டு வரை நான் எழுதினேன்.
ஒன்பதிலிருந்து கை எழுதியது;
வெளியே வண்டிகள் வரிசையில் நிற்பதாக
நினைத்துக்கொண்டதோ என்னவோ.
பதிமூன்றாவது பி-யின் தலைக்கு மேலே
இரண்டு புள்ளிகள்.
கீழே நிற்க எழுத்தில்லாத புள்ளிகள்.

எதிர்த்தரப்பு வக்கீல்
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒருவேளை நிபுணர் கண்டுபிடித்திருப்பார்.
ஒருவேளை ஈ எச்சம் என்று விட்டிருப்பார்.
பெஞ்ச் கிளார்க் தாளுக்குக் கை நீட்டினார்.
“இருங்க சார்” என்றேன்.
பதிமூன்றாவதில் திரும்பப் போய்
அந்தப் புள்ளிகளுக்குக் கீழே
நெருக்கி, பி-யின் மேலேயே ஏறி
பூங்காவனம் என்று எழுதினேன்.
“அது என்னுதுங்க” என்றேன்.
எது என்று யாரும் கேட்கவில்லை.
என் புது வக்கீல் மட்டும்
கட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மாதம் இரண்டாயிரத்து முந்நூறு கட்டுகிறேன்,
இன்னும் நாலு வருஷம்.
படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.
எதைப் போட என்றால்
அட்டையில் இருப்பதை, என்கிறார் காசாளர்.
பி, கோடு.
மறுபடி மாற்ற மறுபடி ஒரு அட்டை,
மறுபடி ஒரு அரைநாள் லீவு.
போகட்டும்.

எடைமேடையில் பழையதுதான் போடுகிறேன்.
முதலாளிக்கு எடை சரியாக இருந்தால் சரி.
மினி லாரி ஏறினால் மட்டும்
முள்ளைப் பார்க்குமுன்
நம்பர் பிளேட்டைப் பார்க்கிறேன்.